டின் பீரும் எலுமிச்சை மரமும்

தீயணைப்புக் கொட்டகையின் பின்வாசலில் ஓர் எலுமிச்சை மரம் நின்றது. யாரும் அதற்கு உரம் வைத்ததில்லை. ஆனாலும் வருடம் முழுக்கக் காய்த்தது. தீயணைப்புப் படையில் யாருக்கும் பிடிக்காத பீரெல்லாம் அதன் வேருக்குத்தான் போகும்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு அதைக் கொண்டுவருவார்கள். குழாய்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றியபின் எல்லாரும் பின்வாசலில் நின்று குடிப்பார்கள். பிடித்தால் கிளாஸ் காலியாகும். பிடிக்காவிட்டால் நாலடி நடந்து மரத்தடியில் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்து நிற்பார்கள். ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. காய்ச்சியவரும் கேட்கக்கூடாது. கேட்க என்ன இருக்கிறது? மரத்தடி ஈரமாக இருக்கும்.

பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவின் அறுவடை நடந்துகொண்டிருந்த மார்ச் மாதத்தில் டெஸ்லி தன் பீரைக் கொண்டுபோனாள். முதலில் கெல்வின் மரத்தடிக்குப் போனான். அவனுக்குப் பின்னால் பால் லாரி ஓட்டும் வெண்டல். பிறகு வரிசையாக மற்றவர்கள். ட்ரூடி கொஞ்சம் தயங்கினாள். இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தாள். அவளும் போனாள்.

மர்ரே மட்டும் போகவில்லை. அவன் படையின் கேப்டன். டெஸ்லியின் கணவன். கிளாஸை அண்ணாந்து காலி செய்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். சுவரோரக் குழாயில் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். வீட்டிலும் அப்படித்தான். எத்தனையோ வருடங்களாக, கடையில் டின்னில் விற்கும் பாகைக் கரைத்து அவள் போட்ட டின் பீரை மாலையில் ஒரு கிளாஸ் குடிப்பான். "நல்லா இருக்கு" என்பான். கழுவி வைப்பான்.

திரும்பி வரும்போது வண்டியை டெஸ்லி ஓட்டினாள். இரண்டு பக்கமும் ஹாப்ஸ் தோட்டங்கள். கொடிகளை அறுத்து இறக்கிவிட்ட வரிசைகளில் வெறும் கம்பங்களும் கம்பிகளும்.

"ஊத்தியிருக்கலாம்ல?" என்றாள்.

"எதை?"

"என் பீரை."

"எதுக்கு ஊத்தணும்? குடிச்சேன்ல."

"நீ குடிக்கல மர்ரே. மருந்து மாதிரி முழுங்கின."

மர்ரே ஜன்னல் பக்கம் திரும்பி இருமினான். இருமல் அடங்க நேரம் பிடித்தது.

"கொஞ்சம் கசந்துச்சு. நாக்குல ஒட்டிக்கிட்டு வறவறன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"இவ்வளவு வருஷமா போட்டதெல்லாம்?"

"அதெல்லாம் கசக்கல."

"பின்ன?"

"தாகத்துக்குக் குடிக்கலாம்."

"தாகத்துக்குத் தண்ணி குடிக்கலாம்."

"அதான் சொல்றேன்" என்றான் மர்ரே. "ரோட்டைப் பாரு டெஸ்."

டெஸ்லிக்குக் கோபம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. இத்தனை காலம் ஒரு மனிதன் தினமும் ஒரு கிளாஸ் மரியாதையைக் குடித்திருக்கிறான். இனி அப்படி ஒரு கிளாஸ்கூட அவனுக்கு ஊற்றமாட்டேன் என்று அவள் முடிவு செய்தாள்.

மர்ரேயின் நுரையீரல் இனிப் புகை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை கொட்டகையில் அவனுக்கு வழியனுப்பு. ட்ரூடி புது கேப்டன். ஆட்டுக்கறி சுடுவார்கள். ஒரு பீப்பாய் பீர் திறப்பார்கள். படைக்கு எப்போதும் கெல்வின்தான் பீர் காய்ச்சுவான். பார்லியை அவனே அரைத்து, எஃகுத் தொட்டிகளில் ஊறவைத்து, ஒரு நாள் முழுக்க நின்று காய்ச்சுகிறவன். நல்ல பீர். டெஸ்லியே அதை மறுத்ததில்லை.

ஆனாலும் அந்த ஒரு நாள், அந்த ஒரு பீப்பாய் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவள் ட்ரூடியிடம் கேட்டிருந்தாள். "மரத்தைக் கேப்போம்" என்றிருந்தாள் ட்ரூடி. அதற்காகத்தான் டெஸ்லி வழக்கமான டின்னோடு நிற்காமல் கடையில் ஒரு பை வறுத்த பார்லி வாங்கிப் போட்டிருந்தாள். ட்ரூடி வேலை செய்த ஹாப்ஸ் உலர்த்தும் கொட்டகையிலிருந்து ஒரு பை நிறையக் காய்ந்த பூ வந்திருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் ஓசிதான். வைக்கோல் மாதிரி கிடக்கும்.

திங்கட்கிழமை காலை ட்ரூடிக்குப் போன் செய்தாள்.

"இன்னொரு தடவை கொண்டுவர்றேன்."

"டெஸ், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பசங்க..."

"பசங்களுக்குத்தான் கொண்டுவர்றேன்."

அந்தப் பக்கம் உலர்த்தும் விசிறிகளின் இரைச்சல் கேட்டது.

"ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு" என்றாள் ட்ரூடி. "அதுதான் கடைசி. கெல்வின் எப்படியும் தன்னோடதைப் போட்டு வெச்சுடுவான். உங்களோடது தேறலன்னா அவனோடதைத்தான் திறப்போம். அப்புறம் என்கிட்ட முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"வெச்சுக்க மாட்டேன்."

"போன தடவை வெச்சுக்கிட்டீங்க."

"அது வெயில்ல கண்ணு கூசினது."

டெஸ்லிக்குத் தபால் வண்டி ஓட்டும் வேலை. ஆற்றுக்கு இரண்டு பக்கமும் மண் சாலைகளில் போய்த் தபால் போடுவாள். கெல்வினின் தீவனக் கடை பாதி வழியில் இருந்தது. அன்று அவன் வாசலிலேயே நின்றான். கடிதங்களை வாங்கிக்கொண்டான். உள்ளே போகவில்லை.

"சொல்லு" என்றாள் டெஸ்லி. "இது கொட்டகை இல்ல. பேசலாம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மூஞ்சி சொல்லுது."

கெல்வின் கதவு நிலையில் சாய்ந்தான். "டின்னுக்குள்ள எல்லாம் ஏற்கனவே இருக்கு, மகராசி. இனிப்பு இருக்கு, கசப்பு இருக்கு, நிறம் இருக்கு. ஃபாக்டரியிலேயே ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சி, வத்த வெச்சுத்தான் டின்ல அடைக்கிறான். நீ அதைத் திரும்பப் பானையில ஊத்தி, இன்னும் ஹாப்ஸை அள்ளிப் போட்டா? உப்புப் போட்ட சூப்புல மறுபடி உப்புப் போடுற வேலை. டின்னைத் திற, சர்க்கரையப் போடு, தண்ணிய ஊத்து, மூடு. அதுக்குத்தான் அது டின்."

"அப்படிப் போட்டா தண்ணி மாதிரி இருக்கு."

"பின்ன? டின் பீர் டின் பீராத்தான் இருக்கும்." குரலைத் தணித்தான். "இங்க பாரு. சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வா. என் தொட்டி, என் பார்லி. நீ கிண்டு. நான் பக்கத்துல நிக்கிறேன். பேரு உன்னோடதுன்னு போட்டுக்கலாம். மர்ரேவுக்காகச் சொல்றேன்."

அவன் மனதாரத்தான் சொன்னான். அது டெஸ்லிக்குத் தெரிந்தது.

"உன் பீரை அவன் பத்து வருஷமா குடிக்கிறான் கெல்வின். அதுல என் பேரை ஒட்டினா எனக்கு என்ன வந்துச்சு?"

"பிடிவாதம்."

"ஆமா."

"டின்னுக்குப் போய் இவ்வளவு ரோஷமா?"

"டின்னுக்கு இல்ல" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள்.

ஆற்றுப்பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினாள். எஞ்சினை நிறுத்தினாள். உப்புப் போட்ட சூப். அவன் கேலியாகச் சொன்னதில் பாதி உண்மை. டின்னில் கசப்பு ஏற்கனவே இருக்கிறது. அவள் இரண்டு கை நிறைய ஹாப்ஸை அள்ளிப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாள். ஓசியில் கிடைக்கிறதே என்று. கொதிக்கக் கொதிக்கப் பூ கசப்பைத்தான் கக்கும். வாசனை ஆவியோடு கூரைக்குப் போய்விடும். அன்று வீடு முழுக்க மணத்தது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மணத்ததெல்லாம் பீரில் இருக்க வேண்டியது.

ஆக டின்னுக்குத் தேவை கசப்பு இல்லை. வாசனை. தண்ணீராக இருக்கிறது என்றால் அதற்குத் தேவை உடம்பு, நாக்கில் நிற்கும் கனம். ஹாப்ஸ் முதலாவதுக்கு. பார்லி இரண்டாவதுக்கு. சர்க்கரை எதற்கும் உதவாது. சர்க்கரையின் இடத்தில், முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் பொடி போட வேண்டும்.

எஞ்சினைக் கிளப்பினாள். அன்று இரண்டு வீட்டுத் தபால் மாறிப்போனது.

மறுநாள் விடுப்பு. காலை உணவு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, வீட்டிலிருந்த டீ ஜாடிகள் மூன்றையும் எடுத்து வைத்தாள். காபியை அழுத்தி வடிக்கும் கண்ணாடிக் குடுவையையும் எடுத்தாள். மர்ரே செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தான்.

"யாராவது வர்றாங்களா?"

"நீதான். உக்காரு. இன்னிக்கு ஒரு நாள் நீ உண்மை பேசணும்."

"மத்த நாள்?"

"மத்த நாள் பேசினதைத்தான் பார்த்தேனே."

முதலில் கண்ணாடிக் குடுவை. ஒரு சிட்டிகை ஹாப்ஸ் போட்டு, கொதித்து இறக்கி ஆறத் தொடங்கிய தண்ணீரை ஊற்றி மூடினாள். கொஞ்ச நேரம் விட்டு வடிதட்டை அழுத்தினாள். மூடியைத் திறந்ததும் இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் ஏதோ மாறியது. அறுத்த புல். ஆரஞ்சுத் தோல். மழைக்குப் பின் தோட்டத்து வேலி.

"அறுவடை நேரத்துல ஜன்னலைத் திறந்தா வர்ற வாசனை" என்றான் மர்ரே.

"குடி."

குடித்தான். "கசப்பு இருக்கு. ஆனா பல்லைக் கடிக்கல."

"போன தடவை நாக்குல ஒட்டினது இதுதானா?"

யோசித்தான். உண்மை பேசச் சொன்னதால் நன்றாகவே யோசித்தான். "இல்ல. அது வேற."

அப்படியானால் பார்லி. மூன்று ஜாடியிலும் நசுக்கிய பார்லி போட்டாள். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர். ஒன்றில் விரல் வைத்தால் உடனே இழுத்துக்கொள்ளும் சூடு, ஆனால் கொதியில்லை. மூன்றாவதைப் பாத்திரத்தில் கொட்டி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, திரும்ப ஜாடியில் ஊற்றினாள். மூன்றையும் துணியால் போர்த்தினாள். காத்திருந்தார்கள். மர்ரே குறுக்கெழுத்து முடித்தான். ஒரு கட்டத்தை விட்டுவிட்டான்.

வெதுவெதுப்பு சப்பென்று இருந்தது. இரண்டாவது ஜாடியில் இனிப்பு. வறுத்த ரொட்டி ஓரத்தில் தேன் தடவியதுபோல. மர்ரே அதை இன்னொரு முறை உறிஞ்சினான். மூன்றாவதை வாயில் வைத்ததும் நிறுத்தினான்.

"இவன்தான்" என்றான்.

"நிச்சயமா?"

"இவனை எங்க பார்த்தாலும் தெரியும்."

டெஸ்லி குடித்துப் பார்த்தாள். நேரம் போனது தெரியாமல் விட்ட டீபோலத் தொண்டையை இறுக்கியது. உமித்தோல் கொதித்தால் வரும் துவர்ப்பு. கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மர்ரே."

"ம்."

"அன்னிக்கு பார்லி பையை பானைல போட்டுட்டு, பார்த்துக்கோன்னு சொல்லிட்டு நான் தபால் ஆபீசுக்குப் போனேன்."

"போன."

"நீ என்ன பார்த்துக்கிட்ட?"

மர்ரே செய்தித்தாளை நான்காக மடித்தான். "காட்டுல டீ போடுவோம்ல. டப்பாவைத் தீயில வெச்சு, இலையைப் போட்டு, கருப்பா வர்ற வரைக்கும் கொதிக்க விடுவோம். அது மாதிரி... நல்லா நிறம் வந்துச்சு டெஸ். வர்றப்போ நீயே சொன்ன, நிறம் அருமைன்னு."

டெஸ்லி மூன்றாவது ஜாடியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வாழ்க்கை பூரா தீயை அணைச்ச ஆளு" என்றாள். "ஒரு அடுப்பை அணைக்கத் தெரியல."

மர்ரே சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தான். அவளும் சிரித்தாள். பிறகு ஜாடிகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒரு பேச்சு பேசிக்கலாம். அடுத்த தடவை கொட்டகையில நல்லா இல்லன்னா நீயும் மரத்துக்குப் போகணும். எல்லார் முன்னாடியும்."

"டெஸ்..."

"போகணும். நீ முழுங்கினா எனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கல்லாம் ஊத்தினதே போதாதா?"

"அவங்களுக்காகவா போடுறேன்?"

மர்ரே மேசையில் இருந்த பார்லித் துணுக்கு ஒன்றை விரலால் நகர்த்தினான்.

"சரி" என்றான். "போறேன்."

அன்று பிற்பகலே அவள் புது டின் திறந்தாள்.

பார்லியை மெல்லிய துணிப்பையில் கட்டினாள். தண்ணீர் விரலைச் சுட்டதும் அடுப்பை அணைத்தாள். பையை இறக்கி, பானையைக் கம்பளியில் சுற்றி ஊறவிட்டாள். மர்ரே சமையலறைக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. அவன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"பிழிஞ்சா இன்னும் வருமே" என்றான், அவள் பையைத் தூக்கிச் சொட்டவிட்டபோது.

"துவர்ப்பும் வரும். போ."

ஊறிய தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து இறக்கினாள். அதில் மால்ட் பொடியைக் கரைத்தாள். டின்னைக் கொதிக்க விடவேயில்லை. டின்னிலிருந்த பாகை இளஞ்சூட்டில் இளக்கி, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, கரைசலைச் சேர்த்து, குளிர்ந்த தண்ணீரால் நிரப்பினாள். ஹாப்ஸை இப்போது தொடவில்லை. கை பரபரத்தது. அந்தப் பை அவ்வளவு அருகில் இருந்தது. அதைச் சுருட்டிக் கட்டி, குளிர்பெட்டியில் பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில் தள்ளினாள். கடைசியில், இனிப்பைத் தின்று நுரைக்கவைக்கும் ஈஸ்டைத் தூவி மூடினாள்.

தொட்டியைத் துணி துவைக்கும் அறையில் வைத்து, மர்ரேயின் பழைய தீயணைப்புக் கோட்டை அதற்குப் போட்டு, பித்தான் மாட்டினாள். அடுத்த நாள் மூடியின் குழாயில் குமிழி வந்தது. பளக். பளக். அறையைத் தாண்டும்போதெல்லாம் மர்ரே அதற்குச் சல்யூட் வைத்தான்.

பூமியின் தென்பாதியில் ஈஸ்டரை ஒட்டித்தான் குளிர் தொடங்கும்; அந்த வாரம் மலையில் முதல் பனி விழுந்தது. பள்ளத்தாக்கில் புல் வெளுத்தது. காலையில் டெஸ்லி போய்ப் பார்த்தபோது சத்தம் இல்லை. காதை வைத்துக் கேட்டாள். இல்லை. கோட்டுக்குள் கையை விட்டாள். தொட்டி கல்லாகக் குளிர்ந்திருந்தது. ஈஸ்ட் தூங்கிவிட்டது. இனிப்பு பாதியில் நின்றுவிட்டது. இப்படியே விட்டால் பாகுத் தண்ணீர்தான் கிடைக்கும். இன்னொரு டின் போட நாள் இல்லை.

நடு அறையில் விறகு அடுப்பு இருந்தது. அதன் பக்கத்தில் மர்ரேயின் நாற்காலி. குளிர் தொடங்கினால் அவன் நெஞ்சுக்கு அந்த இடம்தான்.

டெஸ்லி நாற்காலியைப் பார்த்தாள்.

"என்ன?" என்றான் அதிலிருந்த மர்ரே.

"எந்திரி."

"எதுக்கு?"

"அதுக்கு உன்னைவிடக் குளிருது."

இருவரும் தொட்டியைத் தூக்கினார்கள். அவன் இருமக் கூடாதென்று இரண்டு முறை இறக்கி வைத்தார்கள். கடைசியில் அது நாற்காலி இருந்த இடத்தில், கோட்டு போட்டுக்கொண்டு, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தது. மர்ரேயின் நாற்காலி அடுப்பின் மறுபக்கத்துக்குப் போனது. டெஸ்லி சுத்தமான கரண்டியால் அடியில் படிந்த ஈஸ்டை மெல்லக் கிளறி எழுப்பினாள். விறகு வைத்தாள். கையால் தொட்டுத் தொட்டு, சூடு ஏறினால் தொட்டியை ஒரு ஜாண் நகர்த்தினாள். இறங்கினால் திரும்ப இழுத்தாள். தபாலுக்குப் போகும்போது அந்த வேலையை மர்ரேயிடம் விட வேண்டியிருந்தது. கதவில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கொதிக்க விட மாட்டேன்" என்றான் அவன்.

மாலையில் அவள் திரும்பியபோது மர்ரே வாயில் விரலை வைத்து, பேசாதே என்று காட்டினான். அறையில் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, பளக்.

டெஸ்லி தோள்பையைக் கழற்றாமலேயே அங்கே நின்று இன்னொன்றுக்குக் காத்திருந்தாள். வந்தது.

நுரைப்பு அடங்கியபின்தான் ஹாப்ஸை எடுத்தாள். ஒரே ஒரு பிடி. இரண்டாவது பிடிக்குக் கை போனது. இழுத்துக்கொண்டாள். சின்னத் துணிப்பையில் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டாள். அடுப்பில்லை, கொதியில்லை. குளிர்ந்த பீரில் சில நாள் சும்மா கிடக்கட்டும். கண்ணாடிக் குடுவையில் இன்னொரு சிட்டிகையை ஊறவைத்து வடித்து அதையும் ஊற்றினாள்.

பாட்டிலில் அடைத்தால் நுரை பிடிக்க நாளாகும். பீப்பாயில் கேஸ் ஏற்றினால் உடனே நுரைக்கும்; பீப்பாயும் கேஸும் கெல்வினிடம்தான் இருந்தன. தீவனக் கடை முன் வண்டியை நிறுத்தினாள்.

"பீப்பாய் வேணும்" என்றாள்.

கெல்வின் அவள் முகத்தைப் பார்த்தான். உள்ளே போய்க் கழுவித் துடைத்த ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். தோளில் கேஸ் உருளை.

"அளவா ஏத்து. குலுக்காத" என்றான். "பீப்பாய்தான் என்னோடது. உள்ள இருக்கிறது உன்னோடது. நல்லா இல்லன்னா என்னைக் கை காட்டக் கூடாது."

"நல்லா இருந்தா?"

"அப்பவும் காட்டாத. எனக்கு ஊருல ஒரு பேரு இருக்கு."

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வெயிலும் குளிருமாக இருந்தது. பயிற்சி முடிந்தது. குழாய்களைச் சுருட்டினார்கள். பின்வாசலில் ஒரு பெஞ்சின்மேல் பீப்பாய் நின்றது. டெஸ்லி ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். செம்பு நிறம். மேலே விரல் தடிமன் நுரை. அது சீக்கிரம் அடங்கவில்லை. யாரும் பேசவில்லை. பேசக்கூடாது.

முதல் மிடறு. வெண்டல் முகத்தைச் சுளித்தான். நேராக மரத்தடிக்கு நடந்தான். கவிழ்த்தான். ஆனால் வெண்டல் கெல்வினின் பீரையும் ஊற்றுகிறவன். கடையில் வாங்கும் வெளிர்நிற பீரைத் தவிர வேறு எதுவும் அவனுக்கு இறங்காது. அடுத்து யார் நகர்கிறார்கள் என்று பார்த்தாள்.

யாரும் நகரவில்லை. ட்ரூடி கிளாஸை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடியிருந்தாள். நாள் முழுக்க ஹாப்ஸுக்குள் வேலை செய்கிறவள். இனி அந்த வாசனையில் அவளுக்குப் புதிதாக என்ன இருக்க முடியும் என்று டெஸ்லி நினைத்தாள். ட்ரூடி கண்ணைத் திறந்து குடித்தாள். மறுபடி குடித்தாள்.

கெல்வின் பாதி குடித்தான். மரத்தைப் பார்த்து இரண்டடி வைத்தான். எல்லாரும் திரும்பினார்கள். அவன் நின்றான். கிளாஸை ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தான். கையைக் கட்டிக்கொண்டான்.

"என்னது அது?" என்றான் ஒருவன். வழக்கத்தை மீறிவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பீரைப் பத்திப் பேசல" என்றான் கெல்வின். "வெயிலைப் பத்திப் பேசுறேன். ரொம்பக் குளிரா இருந்தா மூக்கு வேலை செய்யாது. கொஞ்சம் சூடு ஏறட்டும்."

சூடு ஏறும்வரை நின்றான். எடுத்தான். முகர்ந்தான். கடைசிச் சொட்டுவரை குடித்தான். காலிக் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து உள்பக்கம் நுரை படிந்த வளையங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டெஸ்லி அதையெல்லாம் பார்த்தாள். ஆனால் அவள் பார்த்தது மர்ரேயைத்தான்.

மர்ரே சுவரில் சாய்ந்து நின்றான். அண்ணாந்து காலி செய்யவில்லை. கொஞ்சம் குடித்தான். நிறுத்தினான். ஆற்றைப் பார்த்தான். கொஞ்சம் குடித்தான். மற்றவர்கள் முடித்த பிறகும் அவன் கிளாஸில் கால்வாசி இருந்தது. இருமல் வந்தது. கிளாஸை உடம்போடு அணைத்துப் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல் இருமி முடித்தான். மிச்சத்தைக் குடித்தான். வாயைத் துடைக்கவில்லை.

பிறகு நடந்தான்.

மரத்துக்குப் போகும் வழியும் குழாய்க்குப் போகும் வழியும் முதல் சில அடிக்கு ஒன்றுதான். டெஸ்லியின் கை பீப்பாயின் பிடியில் இருந்தது. மரத்தடியில் ஊற்ற அவன் கிளாஸில் எதுவும் இல்லை. ஆனால் குழாய் இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்தால் அதுவும் ஒரு பதில்தான். அந்தப் பதிலை அவள் எத்தனையோ வருடங்களாக வாங்கியிருக்கிறாள்.

மர்ரே குழாயைத் தாண்டினான். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தான். அவள் முன்னால் நின்று கழுவாத கிளாஸை நீட்டினான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பேசக்கூடாது என்பது வழக்கம்.

டெஸ்லி கிளாஸைச் சாய்த்துப் பிடித்துப் பீப்பாயைத் திறந்தாள். நுரை விளிம்பைத் தாண்டி அவள் விரல்களில் வழிந்தது. அது அடங்கட்டும் என்று இருவரும் நின்றார்கள்.